எடைமேடை நாட்குறிப்பு

28 ஜூலை 2024, ஞாயிறு, ராணிப்பேட்டை

சாயங்காலமே மேடையைப் பூட்டிவிட்டு அக்கா மகனோடு ஃபார்முலா 1 கார் ரேஸ் பார்த்தேன். பெல்ஜியம், ஸ்பா. ஆறாவதாகக் கிளம்பிய ரஸ்ஸல், ஒரே தடவை டயர் மாற்றி, ஹாமில்டனை அரை நொடியில் ஜெயித்தான். பையன் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். படுக்கப்போகும் நேரத்தில் முகம் செத்துப்போய் வந்தான்.

"இன்னா மாமா, ஒன்றரை கிலோவுக்காக ரஸ்ஸல் ஜெயிச்சதைப் புடுங்கிட்டாங்க!"

கார் குறைந்தது 798 கிலோ இருக்கணுமாம். மிச்ச பெட்ரோலை வடித்ததும் 796.5. உள் தராசு, வெளித் தராசு ரெண்டிலும் அதே எடை. தராசு சரியா என்று டீம் ஆளை வைத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். என் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும்; ஒன்றரை கிலோ அதற்குக் கண்ணிலேயே படாது.

"ஏமாத்தணும்னு செய்யலையே மாமா?"

என்னிடம் வரும் லாரிக்காரன் எல்லாரும் அதைத்தான் சொல்கிறான்.

29 ஜூலை, திங்கள்

ஆடிக் கிருத்திகை. ரத்தினகிரிக்குக் காவடிக் கூட்டம், லாரி குறைச்சல். பையன் பழைய கதைகளைத் தோண்டிக்கொண்டு வந்தான். 1982 பிரேசில் ரேஸ். அப்போது கார் குறைந்தது 580 கிலோ இருக்கணும். பிரேக்கைக் குளிரவைக்க என்று தண்ணி டேங்க் வைப்பது, கிளம்பியதும் கொட்டிவிட்டு லேசாக ஓட்டுவது, முடிந்ததும் ரொப்பி எடை போடுவது. ரொப்பலாம் என்று விதியிலேயே இருந்ததாம்! முதலில் வந்த பிக்கே, அடுத்து வந்த ரோஸ்பெர்க், ரெண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். 1984இல் டிரெல் என்ற டீமின் காரில் தண்ணியோடு ஈயக் குண்டும் ஏற்றினார்கள். அவர்களுக்கு அந்த சீசனே போனது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இங்கே லாரி காலி எடைக்கு வரும்போது கிளீனர் டீக்கடையில் இறங்கிவிடுவான். லோடு எடைக்குக் கேபினில் நாலு பேர்.

31 ஜூலை, புதன்

எம்-சாண்ட் லாரி ஒன்று. பின்பலகை இடுக்கில் தண்ணி ஒழுகி மேடையே நனைந்துவிட்டது. வாங்குகிறவரின் ஆள், "வடியட்டும்ணே, அப்புறம் போடுங்க" என்றார். டிரைவர், "மேடை ஏறினப்ப இன்னா காட்டுச்சோ அதான் கணக்கு."

சீட்டு ஏற்கெனவே அடித்துவிட்டேன். என்றாலும் அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஏற்றினால் 60 கிலோ குறைவு. பையன் ஜன்னலிலிருந்து, "ஸ்பா மாதிரியே வடிச்சுட்டியே மாமா!" என்று கத்தினான்.

டிரைவர் முதல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், அந்த ஆள் ரெண்டாவதை. எந்தச் சீட்டுக்குப் பணம் என்று ரோட்டிலேயே சண்டை. ரெண்டாவது எடைக்கான காசு எனக்கு இன்னும் வரவில்லை.