லிவிங் வில் எழுதி முடிச்ச அனுபவம்

எனக்கு லிவிங் வில் (எந்த சிகிச்சை வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கற பத்திரம்) எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, போன வருஷம்தான் முடிச்சேன். முதல்ல ஒண்ணு, இது சொத்து உயில் மாதிரி செத்ததுக்கு அப்புறம் வேலை செய்யறது இல்லங்க, உயிரோட இருக்கும்போதே நம்மளால முடிவெடுக்க முடியாம போனா மட்டும்தான் இதை எடுத்துப் பாப்பாங்க. நினைவு தெளிவா இருக்கற வரைக்கும் டாக்டர் நம்மகிட்டதான் கேக்கணும், எப்ப வேணா மாத்திக்கலாம். 1969ல இந்த யோசனையை முன்வெச்ச அமெரிக்க வக்கீல் லூயிஸ் குட்னரே ரத்து பண்ற உரிமை நம்மகிட்டயே இருக்கணும்னுதான் எழுதினார்.

ஃபார்ம்ல வென்டிலேட்டர், சிபிஆர் (நின்ன இதயத்தை நெஞ்சை அழுத்தி ஓட வைக்கப் பாக்கறது), டயாலிசிஸ், டியூப்ல சாப்பாடு இதெல்லாம் வேணுமா வேணாமான்னு டிக் போடச் சொல்லுது. டிக் மட்டும் போதாதுன்னு டாக்டரோட உக்காந்து பேசினப்போ புரிஞ்சுது. நிமோனியா வந்து கொஞ்ச நாள் வென்டிலேட்டர்ல இருந்துட்டு எழுந்து வீட்டுக்கு வர்றதும், மூளை இனி மீளாதுன்னு தெரிஞ்சும் அதே மெஷின்ல கிடக்கறதும் எப்படி ஒண்ணாகும்? 'கொஞ்ச நாள் முயற்சி பண்ணுங்க, முன்னேற்றம் இல்லன்னா எடுத்துடுங்க'ன்னும் எழுதலாம்னு அவர் சொன்னது எனக்கு பெரிய நிம்மதி. சிபிஆர்ல விலா எலும்பு உடையறது சகஜம்னும், நோய் முத்தின கட்டத்துல அதுல பொழைக்கறவங்க ரொம்ப கம்மின்னும் அப்பதான் சொன்னார்.

எனக்காக பேச தங்கச்சியப் போட்டேன். தம்பிக்கும் பாசம் இருக்கு, ஆனா ஐசியூ வாசல்ல நின்னு 'போதும்'னு சொல்ல அவனால ஆகாது. "எந்த நிலைமை உன்னால தாங்கவே முடியாதுக்கா?"ன்னு அவ நேரா கேட்டா. நடக்க முடியலன்னா பரவால்ல, பேச்சு போனாலும் சமாளிச்சுக்குவேன், உங்க யாரையும் அடையாளம் தெரியாம, தெரியறதுக்கு வாய்ப்பும் இல்லாம கிடக்கறதுதான் வேணாம்னேன். ரெண்டு பேருமே அழுதோம், ஆனா அந்த வார்த்தையவே அப்படியே எழுதச் சொன்னா, முழு டாக்குமென்ட்லயும் அந்த வரிதான் முக்கியம்னு நினைக்கறேன். எதை நிறுத்தினாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து நிறுத்தக்கூடாதுன்னும் தனியா எழுதியிருக்கேன்.

சாட்சிக் கையெழுத்து விதியெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. தயவுசெஞ்சு பீரோல வெச்சு பூட்டிடாதீங்க, ராத்திரி எமர்ஜென்சின்னா யாரும் தேட மாட்டாங்க. ஒரு காப்பி தங்கச்சிகிட்ட, ஒண்ணு டாக்டர் ஃபைல்ல, போட்டோ தம்பி போன்லயும் இருக்கு, அவனும் படிச்சுட்டான்.