கேள்வியை இன்னொரு தடவை படி

"முதல்ல போட்டதுதான் சரி, இல்லையா சார்?" என்று கேட்டான். "சரி, அடுத்த கணக்குக்குப் போவோம்" என்றேன். இந்த இரண்டு வரியைத்தான் இன்னமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2019 நவம்பர், அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தின் திங்கட்கிழமை இரவு. எங்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி அதுவரை ஐந்து ஆட்டம் ஜெயித்து ஆறு தோற்றிருந்தது. சனிக்கிழமை ஜெயித்தால் ஆறாவது வெற்றி, சீசன் முடிந்த பிறகு நடக்கும் ஒரு 'பவுல்' ஆட்டத்துக்குத் தகுதி. தோற்றால் சீசன் அதோடு சரி. நான் விளையாட்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் டியூட்டர். அவன் மூன்றாம் ஆண்டு, லெஃப்ட் கார்ட். பந்து கைக்கே வராத இடம் அது. பாய்ந்து வருகிறவனை மறித்து நிற்பதுதான் வேலை. தென் மாநிலத்துப் பையன். எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் 'சார்' போகவில்லை.

முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தான். அது உருகி நாற்காலிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை டேப் போட்டிருந்ததால் மவுஸை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தான். நள்ளிரவுக்குள் ஆன்லைன் ஹோம்வொர்க் முடித்தாக வேண்டும். எட்டாவது கேள்வி: பி மதிப்பு 0.03, ஆல்ஃபா 0.05, நல் ஹைப்பாதிசிஸை நிராகரிக்கலாமா? 'நிராகரிக்கலாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். நல் ஹைப்பாதிசிஸ் என்பது 'வித்தியாசம் ஒன்றும் இல்லை' என்ற அனுமானம்; பி மதிப்பு ஆல்ஃபாவைவிடக் குறைவாக இருந்தால் அதை நிராகரிக்கலாம். ஆக, அதுதான் சரியான விடை. அழுத்துவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது சரிதானே?" என்றான்.

மார்க் உள்ள வேலையில் சரி, தப்பு என்று டியூட்டர் சொல்லக் கூடாது. கீபோர்டைத் தொடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்ன விதி. "கேள்வியை இன்னொரு தடவை படி" என்றேன். சரியாகப் போட்டவனிடமும் தப்பாகப் போட்டவனிடமும் ஒரே குரலில் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. நான் அப்படித்தான் சொன்னேன். அவன் காதில் அது 'தப்பு' என்று விழுந்துவிட்டது. 'நிராகரிக்க முடியாது' என்று மாற்றி அழுத்தினான். திரையில் சிவப்பு வந்தது. ஒரு தடவைதான் வாய்ப்பு. முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டான்.

மாற்றியதற்கும் அழுத்தியதற்கும் நடுவே இரண்டு மூன்று விநாடியாவது இருந்திருக்கும். "ஏன் மாத்தினே?" என்று கேட்டிருக்கலாம். அது விதிக்கு உட்பட்டதுதான். கேள்வி கேட்பதுதான் எங்கள் வேலையே. ஆனால் அந்தச் சமயத்தில் கேட்டால் அதுவே சைகை காட்டியதாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஒரு டியூட்டர் 12 விளையாட்டு மாணவர்களின் பாட வேலையைச் செய்துகொடுத்தார் என்று அந்த வருஷம் ஜனவரியில்தான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தண்டனை அறிவித்தது. அவர்கள் செய்த மேல்முறையீடு அன்று இரவு இன்னும் நிலுவையில் இருந்தது, மறுநாள்தான் தள்ளுபடியானது. ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று சீசனை முடித்த அந்த அணியால் பவுலுக்குப் போக முடியவில்லை. எந்தத் தப்பும் செய்யாத பையன்களும் வீட்டில்தான் உட்கார்ந்தார்கள். நான் ஒரு தலையசைப்பில் இவர்களுக்கும் அப்படி ஒன்றை வரவழைத்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். என் வேலையையும் நினைத்தேன், அதை மறைக்க முடியாது. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

அவனுக்கும் பயிற்சி வாரம் 20 மணி நேரம்தான், காகிதத்தில். சனிக்கிழமை ஆட்டம் எவ்வளவு நேரம் இழுத்தாலும் மூன்று மணி என்றுதான் கணக்கு. பயணம், சிகிச்சை, டேப் போடுவது எதுவும் அதில் சேராது. அப்படி வந்து உட்கார்ந்தவனிடம் நான் ஒரு வார்த்தையில் சிக்கனம் காட்டினேன்.

ஃபால்ஸ் ஸ்டார்ட் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். நிலை எடுத்த பிறகு, பந்து நகர்வதற்கு முன் அவன் அசைந்தால் அணி ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும். அத்தனை ஆயிரம் பேர் கத்தும்போது எப்படி அசையாமல் இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். "என் காலடி சரியா இருக்குன்னு தெரிஞ்சா அசைய மாட்டேன் சார். சந்தேகம் வந்தாத்தான் அசைவேன்" என்றான். அன்று இரவு அந்தச் சந்தேகத்தை நான்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஜெயித்தார்கள். நானும் கத்தினேன். அப்புறம் பவுலுக்கான பயிற்சியும் இறுதித் தேர்வும் ஒன்றாக வந்தன. புள்ளியியலில் அவனுக்கு டி பிளஸ். அவனுடைய மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, சி வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஹோம்வொர்க் எல்லாம் சேர்த்து 15 சதவீதம். மார்க்குக்கு எடுத்துக்கொள்வது 11, ஒவ்வொன்றிலும் பத்துக் கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு 0.14 சதவீதம்கூட வரவில்லை. அவன் தவறவிட்டதோ ஒரு மார்க்குக்கும் மேல். ஆக, நான் காரணமில்லை. இதைப் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜனவரியில் நடைபாதையில் பார்த்தபோது அவன் சொன்னது: "ஃபைனல்ல நாலு விடையை மாத்தினேன் சார். எல்லாம் முதல்ல சரியாத்தான் போட்டிருந்தேன்." குற்றம் சொல்லும் குரலே இல்லை. வானிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த நாலையும் மாற்றாமல் விட்டிருந்தால் எத்தனை மார்க் என்று நான் கணக்குப் போடவில்லை. அந்த வசந்தத்தில் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போனான். காரணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைய அறிக்கையில் 'மாணவர் தானாகவே செய்தார்' என்று எழுதியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. விதியும் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் அந்த மேசைகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நானே வகுப்பு எடுக்கிறேன். விதி போடுகிறவனும் நான்தான், சரியானதைச் சரி என்று சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன செமஸ்டரில் ஒரு மாணவி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, இது சரியா என்று கேட்டாள். சரியாகத்தான் போட்டிருந்தாள். என் வாயில் வந்தது, "கேள்வியை இன்னொரு தடவை படி." அவள் திரையைப் பார்த்தாள். அவள் கை மவுஸுக்குப் போனது. "இரு, மாத்தாதே" என்றேன், பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.