உரத்துக்கு முன்னால் உப்பு: புதுச்சேரி, கடலூர் மாடித்தோட்டத்தில் ஒரு சுற்று

இலை ஓரம் கருகும், நுனி காயும், மண் ஈரமாக இருந்தும் மதிய வெயிலில் செடி தலை சாயும். புதுச்சேரியிலும் கடலூரிலும் மாடியில் காய்கறி வைக்கிறவர்கள் சொல்லும் புகாரில் பெரும்பகுதி இதுதான். உடனே பஞ்சகவ்யா, மீன் அமிலம், மண்புழு உரம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். கருகல் கூடுமே தவிரக் குறையாது. வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அந்த நேரத்தில் ஊற்றுகிற எந்தக் கரைசலும், அது எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும், தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைச் சேர்க்கத்தான் செய்யும். இந்தக் கடற்கரையில் தொட்டியில் காய்கறி எடுத்துப் பழகிய நாங்கள் பின்பற்றும் வரிசை இது: முதலில் தண்ணீர், அடுத்து தென்னை நார்க்கழிவு, அடுத்து பருவம். உரம் அதற்கும் பிறகுதான்.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விதை வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். இங்கே குழாய்த் தண்ணீரும் நிலத்தடி நீர்தான், அதனால் தெருவுக்குத் தெரு அளவு மாறும். கடலை ஒட்டிய பகுதிகளில் கோடையில் இன்னும் ஏறும். 500 பி.பி.எம். (லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு) வரை எந்தச் செடியும் தாங்கும். 500 முதல் 1000 வரை பயிரைத் தேர்ந்து வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை தொட்டியை அலச வேண்டும். 1500-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறி வைப்பது வீண் வேலை. நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால்தான் ஓடும்.

அந்த நல்ல தண்ணீருக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இல்லை என்று சொல்லலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஓர் இரவு ஓடினால் அரை வாளிக்குக் குறையாது. புதினா, கொத்தமல்லி, நாற்றுத் தட்டு மூன்றுக்கும் அது போதும். அரிசி களைந்த நீர் நல்லது. உப்புப் போட்டு வேகவைத்த காயின் நீர் கூடாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடச் சொல்லிப் பலரும் யோசனை தருவார்கள். சுத்தமான நீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நார்க்கழிவு. சில தேங்காய் நார்க்கழிவுகளில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். 'கழுவியது' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் கழுவாதது போலவே நினைத்துக்கொள்வது நல்லது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 70 லிட்டர் வரை வரும். பெரிய டிரம்மில் கட்டியைப் போட்டு 30 லிட்டர் நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நிழல்வலைத் துணியில் கொட்டிப் பிழிந்தால் டீ நிறத்தில் நீர் வடியும். அதை அளந்து பாருங்கள், மீட்டர் ஆயிரங்களில் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெறும் நீரில் கழுவினால் மேலோட்டமான உப்பு மட்டும்தான் போகும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியம் அப்படியே இருக்கும். அதைத் தள்ளிவிடக் கால்சியம் வேண்டும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மணிலா (நிலக்கடலை) பயிருக்குப் போடும் ஜிப்சமே இதற்குப் போதும், உரக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராமுக்கு மேல் ஜிப்சம் கரையாது, எனவே அள்ளிப் போடுவதில் பயனில்லை. 50 லிட்டர் நீருக்கு 100 கிராம் கலக்கி, பிழிந்த நார்க்கழிவை ஒரு நாள் அதில் ஊறவைத்து வடித்து, பிறகு நல்ல நீரில் ஒருமுறை அலச வேண்டும். கடைசியாக வடியும் நீருக்கு மீட்டர் காட்டும் அளவு, நீங்கள் ஊற்றிய நீருக்குக் காட்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நிறுத்தலாம். இந்த இரண்டு நாள் வேலையைத் தவிர்த்தவர்கள்தான் மூன்றாவது மாதம் கருகிய இலையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

கலவைக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண், ஒரு பங்கு உரம். உப்புத் தண்ணீர் ஊரில் நார்க்கழிவைச் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 20 லிட்டர் பிடிக்கும். அதற்கு 7 லிட்டர் செம்மண், 7 லிட்டர் நனைந்த நார்க்கழிவு, 6 லிட்டர் நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ போடலாம். கூடவே வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம், வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 20 கிராம். காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் இதற்குப் பொருத்தமானது. கடற்கரை மணலைத் தொடவே கூடாது. கோழி எருவிலும் உப்பு அதிகம், தவிர்த்துவிடலாம். கலந்ததை ஈரப்படுத்தி நிழலில் 10 முதல் 15 நாள் வைத்த பிறகே நட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடு இளவேரை வாட்டிவிடும்.

இப்படி நிரப்பிய ஒரு பை நனைந்த நிலையில் 20 கிலோ வரை இருக்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. பைகளை நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 9, 10 பை வந்து 200 கிலோவைத் தொட்டுவிடும். ஐந்தாறோடு நிறுத்தி, கைப்பிடிச் சுவரை ஒட்டியும் உத்தரத்துக்கு மேலாகவும் வரிசை போடுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நிறைய உண்டு. அந்தக் கூரைமேல் தோட்டமே வேண்டாம், முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பைகளைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி வைக்க சிமென்ட் கல் போதும். இரும்பு ஸ்டாண்டு உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து, தட்டோட்டில் கறை இறக்கிவிடும்.

பருவத்தில்தான் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வாதம் வரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சரி. இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கொட்டுகிறது. ஆடியில் நட்ட கத்தரியும் மிளகாயும் காய்ப்புக்கு வரும் நேரத்தில் அந்த மழையில் மாட்டி வேர் அழுகும். ஆடியில் வெண்டை, கொத்தவரை, காராமணி போன்ற விரைவுப் பயிர்களை மட்டும் போடுங்கள். வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு மார்கழிதான் நல்ல தொடக்கம். மழை முடியும்போது தொட்டியில் சேர்ந்திருந்த உப்பெல்லாம் அலசிப் போயிருக்கும், முன்னால் மூன்று மாதம் மிதமான வெயில் இருக்கும். மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள், கத்தரிக்கு 30, தக்காளிக்கு 25 நாள் வேண்டும். பின்னோக்கி எண்ணி ஐப்பசிக் கடைசியிலிருந்தே நாற்றுத் தட்டில் விதைத்து, மழை படாத தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். தக்காளியைத் தள்ளிப்போட்டால் பங்குனி வெயிலில் பூக்கும். அந்தச் சூட்டில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், எந்த மோர்க் கரைசலும் அதைப் பிடித்து வைக்காது.

எல்லாப் பயிரும் உப்பை ஒரே மாதிரித் தாங்காது. பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் கொஞ்சம் உப்புக்கே சுருங்கிவிடும். மிளகாய் நடுத்தரம், தக்காளி அதைவிடச் சற்றுத் தேவலை. காராமணியும் பீட்ரூட்டும் நன்றாகத் தாங்கும், பருப்புக்கீரை எல்லாவற்றையும் விஞ்சும். கத்தரிக்கு நம் பக்கத்து பாலூரில் உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். 1, பி.எல்.ஆர். 2 ரகங்கள் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் விதைக்கும் நாற்றுக்கும் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். அவரைப் பந்தலை மாடியில் போடாதீர்கள். அது காய்க்கும் மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்று.

மூலிகைகளில் கற்பூரவல்லி, பிரண்டை, கற்றாழை ஆகியவற்றைக் கடல் பக்கத்துச் சுவரோரம் வரிசையாக வையுங்கள். மதியம் வீசும் கடற்காற்றின் உப்பை அவை முன்னால் நின்று வாங்கிக்கொள்ளும். கொத்தமல்லியை விதையை இரண்டாக உடைத்து, 6 அங்குல ஆழத் தட்டில் நேரடியாக விதைக்க வேண்டும். கார்த்திகை முதல் மாசி வரைதான் அதன் காலம், பங்குனிக்கு மேல் முளைப்பும் குறையும், முளைத்ததும் பூத்துவிடும். புதினாவுக்குச் சந்தைக் கட்டிலேயே தடித்த தண்டாகப் பார்த்து, நான்கு கணு விட்டு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி அரை நிழலில் நட்டால் போதும். கறிவேப்பிலை இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. காரத்தன்மையுள்ள கிணற்றுநீரில் இரும்பு வேருக்குக் கிடைக்காமல் போகிறது. புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றிப் பார்க்கலாம். சாப்பாட்டில் மிஞ்சிய, உப்புப் போட்ட மோரை ஊற்றி மரத்தையே பட்டுப்போக விட்டவர்களும் இருக்கிறார்கள்.

நீர் விடுவதில் ஒரே விதிதான்: ஒவ்வொரு முறையும் கீழே கொஞ்சம் வடிய வேண்டும். 2 லிட்டர் ஊற்றினால் 300, 400 மில்லி வெளியேறட்டும். 'வீணாகிறதே' என்று அளந்து விட்டால் தண்ணீரைச் செடி குடிக்கும், உப்பு பையிலேயே தங்கும். மாதம் ஒருமுறை வடிநீரைப் பிடித்து மீட்டரில் உப்பின் அளவு பாருங்கள். ஊற்றிய நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால் அலச வேண்டும்: 20 லிட்டர் பைக்கு 20 லிட்டர் நீரை மூன்று தவணையாக, ஒரு மணி நேர இடைவெளியில் மெதுவாக விடுங்கள். அடைத்துக்கொண்ட துளைகளைக் கம்பியால் குத்திவிட்ட பிறகே இதைச் செய்யுங்கள். அலசும்போது சத்தும் சேர்ந்து போகும், மூன்று நாள் கழித்து இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு ஈடு கட்டலாம். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைத் தேடி ஓடாதீர்கள், அது கரையவே மாதக்கணக்கில் ஆகும். கால்சியம் மண்ணில் இருந்தும் காய்க்குப் போகாததற்கு உப்பும், காயவிட்டு மொத்தமாக ஊற்றும் பழக்கமும்தான் காரணம்.

உரமாக மீன் அமிலம் இங்கே மலிவு. மீன் கழிவு ஒரு கிலோவை நல்ல நீரில் அலசி, சம எடை நாட்டு வெல்லம் சேர்த்து மூடிய வாளியில் 25 முதல் 40 நாள் நிழலில் வைத்து வடிகட்டினால், லிட்டருக்கு 5 மில்லி கலந்து கீரைக்கும் வெண்டைக்கும் தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவு எந்த வடிவத்திலும் வேண்டாம். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணெய் நீரில் கலக்கச் சேர்க்கும் சோப்பு, கடினநீரில் நுரைக்காமல் திரிந்துபோய் எண்ணெய் மேலே மிதப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. மிதக்கும் எண்ணெய் தெளிப்பானில் கடைசியாக வந்து நாலைந்து செடிகளின் இலையைப் பொசுக்கிவிடும். ஏ.சி. நீரில் கலக்குங்கள், அல்லது சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறிய நீரைச் சேருங்கள். கடினநீரிலும் அது நுரைக்கும். மாலையில் மட்டும் தெளியுங்கள். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. இரண்டு அங்குலம் கீழே வெட்டி சோப்பு நீரில் போட வேண்டும், வெறும் தெளிப்பு அதன்மேல் படாது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்த செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

புயல் மாதங்களில் முதலில் பார்க்க வேண்டியது மாடியின் வடிகுழாய் வாய். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'பெஞ்சல்' புயல், இரண்டும் இந்தக் கரையிலேயே ஏறின. பெஞ்சல் நேரத்தில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் மழை பெய்தது. நார்க்கழிவும் இலையும் குழாயை அடைத்து மாடியில் 10 செ.மீ. நீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுதல் சுமை. வாயில் கம்பி வலை வைத்து, எச்சரிக்கை வந்த அன்றே சுத்தம் செய்யுங்கள். நிழல்வலையைக் கழற்றுங்கள், உயரத்தில் இருப்பதையெல்லாம் தரைக்கு இறக்குங்கள். காற்று அடங்கியதும் இலைகளை நல்ல நீரில் கழுவிவிட்டால் உப்புக் கருகல் குறையும்.

சித்திரை முடிவில் காய்ப்பு ஓய்ந்த பைகளில் மேல் இரண்டு அங்குல மண்ணை வழித்து எடுத்துவிடுங்கள், வெள்ளையாகப் பூத்த உப்பு அங்கேதான் நிற்கும். ஆடி விதைப்புக்கு வேண்டிய பைகளை மட்டும் அலசி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மூடாமல் வடகிழக்குப் பருவமழையில் வெறுமனே விட்டுவையுங்கள். மார்கழியில் வடிநீரை அளந்து பார்த்துவிட்டு, பைக்கு 3 லிட்டர் தொழுவுரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் கிளறினால் அதே கலவை அடுத்த நாற்றுக்குத் தயார்.