நாலணா உடம்பில் எட்டணா: வண்ணாரப்பேட்டையில் சில்லறை பிரிக்கும் முறை

ஆடி முடிந்து உண்டியல் திறந்தால் மூட்டையில் எல்லாம் கலந்துதான் வரும். எவர்சில்வர் காசு, பித்தளை அஞ்சு ரூபாய், பழைய கனத்த அஞ்சு ரூபாய், எட்டணா, துறைமுகப் பக்கமிருந்து வரும் வெளிநாட்டுக் காசு, நடுவே ஒன்றிரண்டு சட்டைப் பொத்தான். அகலத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கும் மெஷினில் இதைக் கொட்டினால் கணக்கு உதைக்கும். 23 மில்லிமீட்டர் பள்ளத்தில் மட்டும் நான்கு வகைக் காசு விழும்: 9 கிராம் செம்பு-நிக்கல் அஞ்சு ரூபாய், 6 கிராம் எவர்சில்வர் அஞ்சு ரூபாய், 6 கிராம் பித்தளை அஞ்சு ரூபாய், 2019 வரிசையின் (அந்த ஆண்டு வந்த புது டிசைன்) இரண்டு ரூபாய். அதனால் உலோகத்தைப் பார்த்துப் பிரிப்பதுதான் முதல் வேலை, அளவு அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

மெஷினுக்குப் போகுமுன் சுத்தம். உண்டியல் காசில் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி இரண்டு காசை ஒட்டவைக்கும். காசிமேட்டுச் சில்லறையில் அந்த வேலையை உப்பும் மீன் கொழுப்பும் செய்யும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, சாக்கின் மேல் பரப்பி வெயிலில் காயவைத்தால் போதும். புளி, எலுமிச்சை வேண்டாம். செம்பு கலந்த காசின் மேல்தோலை அரித்து நிறத்தை மாற்றிவிடும், பிறகு கண்ணால் அடையாளம் காண்பது கஷ்டம். மரத்தூளில் புரட்டிக் காயவைப்பவர்கள் உண்டு. அந்தத் தூள் சென்சார் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காயும்போதே பத்து, இருபது ரூபாய்க் காசுகளைக் கையால் பொறுக்கிவிடுங்கள். பத்துக்கு மஞ்சள் வளையம், வெள்ளை நடு. இருபதுக்கு வெள்ளை வளையம், மஞ்சள் நடு. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் என்பதால் அளவுப் பள்ளத்தில் உருளாமல் சிக்கும். பத்து ரூபாயில் 14 டிசைன் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆகவே டிசைனைப் பார்த்து எதையும் ஒதுக்க வேண்டாம்.

அடுத்து காந்தம். எவர்சில்வர் காசு என்பது 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். காந்தம் நன்றாகவே இழுக்கும். செம்பு-நிக்கல் காசையும் (75க்கு 25) நிக்கல் பித்தளையையும் இழுக்காது. நாங்கள் வைத்திருப்பது கையளவு அகலமுள்ள ரப்பர் பெல்ட், ஒரு 12 வோல்ட் வைப்பர் மோட்டார், வேகம் குறைக்க ஒரு கன்ட்ரோலர். பெல்ட்டின் முன் உருளைக்குள் சாதாரண கறுப்புக் காந்தங்கள். காந்தம் இழுக்காத காசு உருளையின் நுனியில் முன்னால் விழும். இழுக்கும் காசு உருளையோடு சுற்றி அடியில் போய் விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு. இதற்கு நியோடிமியம் காந்தம் வாங்காதீர்கள். அதன் இழுவையில் எவர்சில்வர் காசுகள் கொத்தாகச் சேர்ந்து, நடுவில் செம்பு-நிக்கல் காசையும் சிறைபிடித்துக் கொண்டு போகும்.

பெல்ட்டில் காசு ஒற்றை அடுக்காகத்தான் போக வேண்டும். கனத்த அஞ்சு ரூபாயின் மேல் ஒரு எவர்சில்வர் ஏறிக்கொண்டால், காந்தத்துக்கும் அதற்கும் தூரம் கூடி இழுவை பத்தாமல் முன்பக்கம் விழுந்துவிடும். முன்பக்கக் குவியலை இன்னொரு தடவை ஓட்டுவது இதற்காகத்தான்.

எவர்சில்வர் பக்கத்தில் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று, சுத்த நிக்கலில் அடித்த பழைய இந்தியக் காசுகள். 1960களின் ஒரு ரூபாயும் எட்டணாவும் அப்படித்தான். நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். இன்னொன்று, 2013 வரிசை சிங்கப்பூர்க் காசு. உள்ளே இரும்பு, மேலே முலாம்.

காந்தம் விட்ட குவியல் காயில் (கம்பிச் சுருள்) சென்சாருக்குப் போகும். ஆறு வகைக் காசு வரை கற்றுக்கொள்ளும் 12 வோல்ட் காயின் அக்செப்டர், அதாவது காசை அடையாளம் கண்டு வாங்கும் கருவி, சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். காசு காயில் வழியே போகும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறதோ, எவ்வளவு தடிமனோ, அதற்கேற்ப அலை மாறும். ஒவ்வொரு வகைக்கும் 15 முதல் 20 மாதிரிக் காசு போட்டுப் பழக்க வேண்டும். புதுக் காசாகப் பொறுக்கிப் போடுவது எல்லோரும் செய்யும் தப்பு. பாதி தேய்ந்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தேய்ந்த காசையெல்லாம் துப்பிவிடும். துல்லிய அமைப்பில் எண் குறையக் குறையக் கண்டிப்பு கூடும். 5க்கும் 10க்கும் நடுவே ஆரம்பியுங்கள்.

தகரக் கூரைக்கு அடியில் வேலை என்றால் காலையில் பழக்கியது மத்தியானம் தடுமாறும். 15 டிகிரி ஏறினால் செம்புக் காயிலின் மின்தடை ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிடும். மெஷினை அரைமணி நேரம் ஓடவிட்டு, வேலை நடக்கும் சூட்டிலேயே பழக்குவது நல்லது. பெல்ட் மோட்டாருக்கும் சென்சாருக்கும் ஒரே அடாப்டர் கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட்டேஜ் இறங்கி, நல்ல காசே வெளியே வரும். வினாடிக்கு ஒரு காசுக்கு மேல் விடாதீர்கள்.

அரிதாக வெள்ளி வரும். சாய்ந்த அலுமினியத் தகட்டின் அடியில் நியோடிமியம் காந்தம் ஒட்டி, காசை மேலிருந்து நழுவவிட்டால் செம்பு-நிக்கல் சர்ரென்று போகும், வெள்ளி தயங்கித் தயங்கி இறங்கும். பழைய அலுமினியப் பைசாவும் தயங்கும், ஆனால் அதன் எடை கையிலேயே தெரிந்துவிடும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம்.

இத்தனைக்கும் பிறகு எந்தச் சென்சாரும் பிரிக்காத காசுகள் உண்டு. 2011 வரிசையில் எவர்சில்வர் காசு ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருந்ததன் உடம்பை எடுத்துக்கொண்டது. பழைய நாலணாவின் 19 மில்லிமீட்டர் உடம்பில் எட்டணா. எட்டணாவின் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம் உடம்பில் ஒரு ரூபாய். ஒரு ரூபாயின் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம் உடம்பில் இரண்டு ரூபாய். எல்லாம் அதே எவர்சில்வர். காந்தம், காயில், தராசு எதற்குமே வித்தியாசம் தெரியாது. இதே கதை 1992லும் நடந்தது: செம்பு-நிக்கல் ஒரு ரூபாயின் 26 மில்லிமீட்டர், 6 கிராம் அப்படியே இரண்டு ரூபாய்க்குப் போனது. ஆனால் அதற்குப் பதினொரு பக்கம் வைத்தார்கள், உருட்டினால் தட்டித் தட்டிப் போகும், அதனால் பிழைத்தோம். 2011க்குக் கண்தான் வழி. வழக்கமான காசில் (நினைவுக் காசு அல்ல) ரூபாய்க் குறி (₹) இருந்தால் அது புதியது, அதாவது கூடுதல் மதிப்பு. வெள்ளைத் தட்டில் பரப்பி இரண்டு பேர் பார்த்தால் வேகமாக முடியும். நாலணாவை இங்கேயே ஒதுக்கிவிடுங்கள், அது 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எட்டணா செல்லும், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

கடைசியில் தராசு. நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போனால் வங்கியில் வேலை சுலபம். பித்தளை அஞ்சு ரூபாய் நூறு 600 கிராம், கனத்த அஞ்சு ரூபாய் நூறு 900, இரண்டு ரூபாய் (25 மி.மீ.) நூறு 485. 2019 வரிசை அஞ்சு ரூபாயைத் தனிப் பையில் போடுங்கள். அது 6.74 கிராம். நூறில் ஒரு காசு என்பது ஒரு சதவீதம்தான், தேய்மானமே அவ்வளவு வரும். ஆகவே எடை சரியாக இருந்தாலும் பத்துப் பைக்கு ஒரு பையைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்.

செம்பு-நிக்கல் குவியலைப் பார்த்துக் கிலோ விலை கேட்க ஆள் வரும். காசை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. பழைய கனத்த அஞ்சு ரூபாயும் அஞ்சு ரூபாய்க்குத்தான் போக வேண்டும்.