தகப்பன் மெசினில், மகள் குளத்தடியில்

அப்பாவுக்கு டயலிசிஸ் தொடங்கிய கிழமையே சொந்தக்காரர் எனக்குச் சொன்ன புத்தி, "இனி உந்தக் குருவி பார்க்கிற விளையாட்டை விட்டிடு பிள்ளை" என்பதுதான். நான் விடவில்லை. இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அண்ணா கனடாவில். நீண்டகால நீரிழிவு, கடைசியில் சிறுநீரகத்தில் கொண்டுவந்து விட்டது. வாரம் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் மெசினில் படுக்க வேண்டும். போகவர ஓட்டோ, வந்த பிறகு அவர் களைத்துப் படுத்துவிடுவது எல்லாம் சேர்த்தால் அந்த நாள் முழுக்கப் போய்விடும்.

மிச்ச நாளைக் குசினி விழுங்கும். உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கலாம், பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. இளநீர், வாழைப்பழம் எல்லாம் டொக்டரைக் கேட்காமல் இல்லை. குடிக்கிற தண்ணீர்கூட ஒரு போத்தலில் அளந்து வைத்ததுதான், அதற்குள் தேத்தண்ணியும் சொதியும் அடக்கம். பார்க்க வருகிறவர்கள் "சீனி வருத்தத்துக்கு நல்லது" என்று காமரங்காய், அதுதான் அந்த நட்சத்திரப் பழம், கொண்டுவருவார்கள், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு என்று தெரியாமல். வாசலிலேயே வாங்கி அப்படியே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

இதற்குள் பறவை பார்க்க நேரம் எங்கே? ஓய்வு கிடைக்கும்போது போகலாம் என்று இருந்தால் ஓய்வு கிடைக்கவே கிடைக்காது, இதை மட்டும் அடித்துச் சொல்வேன். எனக்கு நேரம் கிடைத்தது அந்த நாலு மணித்தியாலத்துக்குள்தான். உள்ளே துணைக்கு ஆள் இருக்கத் தேவையில்லை, வெளியே கதிரையில் எல்லாரும் போனை நோண்டிக்கொண்டு இருப்போம். ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன், "நீங்கள் உள்ளே இருக்கிற நேரம் தலங்கம ஏரிக்குப் போயிட்டு வரட்டா அப்பா?" அவர், "நீ வெளியில இருந்து மெசினையே சுத்தப் போறாய்? போயிட்டு வா" என்றார்.

நேர்ஸிடம் என் போன் நம்பரைக் கொடுத்து, எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். கடைசி மணித்தியாலத்துக்கு முன் கட்டாயம் வந்துவிடுவேன், அப்பாவுக்குப் பிரஷர் விழுவது அநேகமாக அந்த நேரத்தில்தான். மழை என்றாலோ, முதல்நாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ போவதில்லை.

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற தலங்கம ஏரியில் றோட்டோரம் நின்றாலே போதும். நீளவால் இலைக்கோழி தாமரை இலைமேல் நடக்கும், நத்தைகுத்தி நாரை சேற்றில் குனிந்தபடி நிற்கும், நீலத் தாழைக்கோழிக்கு மனிதரைப் பற்றிக் கவலையே இல்லை. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. வெள்ளவத்தைக் கால்வாயின் மணத்தைத் தினமும் பிடிக்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

டயலிசிஸ் இல்லாத நாட்களில் பல்கனிதான். விடிய அப்பாவின் ஃபிஸ்டுலா கையில், அதாவது டயலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்துவிட்ட கையில், இரத்தம் ஓடுகிற அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், அது நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், பிரஷர் பார்ப்பது, டயலிசிஸ் தவிர்ந்த மற்ற ஊசி குத்துவது எல்லாம் மற்றக் கையில்தான். அப்புறம் இரண்டு பேரும் வெளியே இருந்து கொஞ்ச நேரம் பறவைகளை எண்ணுவோம், நான் அதைப் பறவைக் கணக்குப் பதிகிற ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிவேன். காகம் எண்ணுவது அவர் பொறுப்பு, கொழும்பில் அது சின்ன வேலை இல்லை. ஐப்பசி வாக்கில் ஆறுமணிக்குருவி வந்துவிட்டதா என்று என்னைவிட அவர்தான் காது கொடுத்துக் கேட்கிறார்.

சனம் கதைக்காமல் இருக்குமா? "தகப்பன் மெசினில், மகள் குளத்தடியில்" என்று ஒரு மாமி சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்தது. நான் அவவுக்குப் போன் எடுத்து, "மாமி, வாற செவ்வாய் நீங்கள் வந்து அந்தக் கதிரையில் இருக்கிறீங்களா?" என்று கேட்டேன். வரவில்லை, ஆனால் கதை நின்றுவிட்டது. மாறாக ஒன்றும் சொல்லாத சித்தப்பா இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து அப்பாவுடன் கடதாசி விளையாடுகிறார், அன்றைக்கு நான் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போகிறேன்.

நான் இன்னும் போகாதது மன்னார்தான், வங்காலையில் பூநாரை பார்க்க. ஒரு நாளில் போய்வர முடியாத தூரம். தை மாதம் அண்ணா இரண்டு கிழமைக்கு வருகிறார். பயண டிக்கெட் போட்டதும் சந்தோசமாக எனக்கு அனுப்பினார், நான் பதிலுக்கு டயலிசிஸ் அட்டவணையையும் உருளைக்கிழங்கு அவிக்கும் முறையையும் அனுப்பிவிட்டேன்.