முழங்காலை எடுக்கும் முன்

கடலோரத்தில் சர்க்கரைப் புண் சின்னதாகத்தான் தொடங்கும். மண்டபம் பக்கம் பாசி எடுக்க இறங்கியவர் காலைப் பாறை கீறியிருக்கும். தொண்டியில் கரைவலை இழுத்தவருக்குச் சிப்பி குத்தியிருக்கும். உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது. விரல் கறுத்த பிறகுதான் வருவார்கள். அப்போது கேள்வி, காலை எந்த இடத்தில் வெட்டி எடுத்தால் தையல் போட்ட தோல் ஒட்டும் என்பதே.

முதலில் கணுக்காலில் ரத்த அழுத்தம். பத்து நிமிடம் மல்லாக்கப் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை (கஃப்) கட்டி, தாராளமாக ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் பேனாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் ரத்தக்குழாய் நசுங்கிச் சத்தம் போய்விடும். கிடைத்த அளவைக் கையில் எடுத்த ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே அடைப்பு. 1.4ஐத் தாண்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை: சுண்ணாம்பு படிந்து இறுகிய குழாய் கஃபுக்கு மசியவில்லை, அவ்வளவுதான். நெடுநாள் சர்க்கரைக்காரருக்கு 1.0 வந்தாலும் நம்பாதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். நல்ல குழாய் வெட்டி வெட்டித் துடிக்கும். அடைபட்டது மந்தமாக ஒரே இழுப்பாக இழுக்கும்.

பெருவிரல் குழாய் அந்த அளவுக்கு இறுகாது. 2.5 செ.மீ. அகலக் கஃபில் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால், அடைப்பை நீக்காமல் விரலை மட்டும் எடுப்பது வீண். வெட்டிய இடமும் கறுக்கும். கால் குளிர்ந்திருந்தாலும் அளவு இறங்கும், போர்த்திச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

விரலே இல்லாதவருக்குத் தோலுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வந்துசேர்கிறது என்று அளக்கும் தோல்வழி ஆக்ஸிஜன் மானிதான் துணை. சென்சாரை முழங்காலுக்குக் கீழே சுமார் 10 செ.மீ.யில், எலும்பு முட்டாத சதையில் ஒட்ட வேண்டும். ஒப்பிட இன்னொன்று காறையெலும்புக்குக் கீழே மார்பில். 44 டிகிரிக்குச் சூடேறி முள் நிலைக்க 15, 20 நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் தப்பான எண்ணைத்தான் எழுதிக்கொள்வீர்கள். 40 மி.மீ.க்கு மேல் பெரும்பாலும் ஆறும், 20க்குக் கீழே ஆறுவது அரிது. இடைப்பட்டால் முகமூடியில் ஆக்ஸிஜன் கொடுத்து, முன்பிருந்த எண்ணைவிட 10க்கு மேல் கூடுகிறதா என்று பார்க்கலாம். வீக்கமும் சீழும் இருந்தால் எண் பொய்யாகக் குறையும். சீழை வடித்து, இரண்டொரு நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இதைச் செய்யாமலே தொடையில் கை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

முழங்கால் மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடக்கக் கூடுதலாக 25 முதல் 40 சதவீதம் சக்தி போதும். தொடையில் எடுத்தால் 60ஐத் தாண்டும். கால் புதையும் கடற்கரை மணலில் இன்னும் சிரமம். முழங்காலின் பின்குழியில் துடிப்பு இல்லை என்பதற்காக மட்டும் அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, துடிப்பில்லாத கால்களும் அந்த மட்டத்தில் ஆறுகின்றன.

அறுவை மேசையில் வெட்டிய தோல் விளிம்பில் ரத்தம் கசிய வேண்டும், தசை கிள்ளினால் துள்ள வேண்டும். இரண்டும் இல்லையென்றால், மானி 45 காட்டியிருந்தாலும் இன்னும் மேலே ஏறி வெட்ட வேண்டியதுதான். அதற்கான சம்மதக் கையெழுத்தை முதல்நாளே வாங்கிவைப்பது நல்லது.