நகராட்சி பட்ஜெட்டில் எதைப் பார்க்கணும்?

கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்களுக்கு. பட்ஜெட் வந்ததும் உபரியா பற்றாக்குறையா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அந்த ஒரு வரியில் ஒன்றும் தெரியாது. நகராட்சியில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி எல்லாம் தனித்தனிக் கணக்கு. கூட்டிக் காட்டினால் ஒன்றின் ஓட்டை இன்னொன்றில் மறைந்துவிடும். குடிநீரைத் தனியாக எடுத்துப் பாருங்கள்: குழாய்க் கட்டணம் வரவு, ஒகேனக்கல் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டுவதும் மோட்டார் கரண்ட் பில்லும் செலவு.

அடுத்து கேட்பு (மக்கள் கட்டவேண்டிய மொத்த வரி, கட்டணம்), வசூல், நிலுவைப் பட்டியல். வரவைக் கேட்பை வைத்து எழுதிவிடலாம். செலவுக்கு வசூலான காசுதான் உதவும். நகராட்சி கொடுக்கவேண்டிய பில் தேங்குவது இந்த இடைவெளியில்தான்.

ரோட்டு வேலைக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். ‘ஏன் ரோடு மோசம்?’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைத்தான் கேட்கணும். வார்டு, பணியின் பெயர், நிதியாண்டு குறிப்பிட்டு மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எம்-புக்கில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். போட்ட ரோட்டில் கனம் 10 செ.மீ.தான் என்றால் 30. மீதி 15 கன மீட்டருக்கும் நம் வரிப்பணம் போயிருக்கிறது. ஓரத்தில் மட்டும் டேப் பிடித்து முடிவு கட்டாதீர்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது.